அந்தரங்க வாசல்

புரட்டாசியில் விதைத்த விதை முளைத்துப் பூப்பதற்குள் எத்தனை தடவை வானத்தை அண்ணாந்து பார்த்தோம் என்று கணக்குச் சொல்லக்கூடிய சம்சாரி இந்தக் கரிசல் சீமையில் எவரும் இரார். ஐப்பசி பாதி கழிந்த ஒரு காலை வேளையில் விளாத்திகுளத்தை விட்டு வெளியே ஒரு கல் தூரம் நடந்து போகிறவருக்கு, சாலையின் இரு மருங்கிலும் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் மக்காச்சோளமுமாகப் பச்சை போர்த்திக் கிடக்கும் இந்நிலம், சித்திரை வெயிலில் கால் நுழையும் அகலத்துக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அதே நிலந்தானா என்ற சந்தேகம் எழாமல் இராது. ஆனால் அந்தப் பச்சையின் நடுவே அங்கங்கே மஞ்சள் தெளித்தாற்போலச் சில செடிகள் நிற்பதைக் கண்டுவிட்டால், அந்தப் புஞ்சைக்கு உடையவருடைய முகத்தை நாம் ஏறிட்டுப் பார்க்கத் துணியமாட்டோம்.

அப்படி ஒரு புஞ்சையின் வரப்பில் நின்றபோதுதான், தலைத்துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே ஒரு முதிய சம்சாரி என்னிடம் கேட்டார்: "மருந்து ரெண்டு தரம் அடிச்சாச்சு, அண்ணாச்சி. ஈ செத்துப்போச்சு. மஞ்ச மட்டும் போகமாட்டேங்கு. அது செடிக்குள்ள எங்கதான் போயி உக்காந்திருக்கு?"

கேள்வி சிறியது, பதில் அவ்வளவு சிறியதாக இல்லை. "செடியோட உசுருக்குள்ள போயிட்டுங்க" என்று அப்போதைக்கு ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் கேட்டது 'எங்கே' என்பதுதான். 'எப்படிப் போயிற்று' என்பதையும் சேர்த்துச் சொன்னாலொழிய அந்த 'எங்கே' விளங்காது என்பது பிறகே எனக்குத் தோன்றியது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதிலையும் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

உளுந்தின் இலையில் முதலில் பொட்டுப் பொட்டாகத் தோன்றிப் பின்பு பச்சையும் மஞ்சளும் கலந்து படர்ந்து, முடிவில் இலை முழுவதையும் வெளுக்கச் செய்து, பூவையும் காயையும் சிறுக்கவைக்கும் இந்நோய்க்கு விவசாய சாஸ்திரிகள் இட்ட பெயர் மஞ்சள் தேமல் நோய் என்பது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் பாசிப்பயறு வயல்களில் 1955-இல் இதனை முதலில் இனங்கண்டு எழுதினார்கள். காரணம் ஒரு வைரஸ். அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ என்று நாம் சொல்கிற பூச்சி. பெயர் ஈயாயினும் அது ஈயின் ஜாதியன்று, அசுவணியின் உறவு. வைரஸின் உருவத்தையோ மின்னணு நுண்பெருக்கியில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்: இரண்டு உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரட்டைப் பிள்ளைகளைப் போலத் தோன்றும், அதனாலேயே அதன் குலத்துக்கு, மிதுன ராசிக்கு மேல்நாட்டார் வைத்திருக்கும் பெயரைச் சூட்டி, 'ஜெமினி வைரஸ்' என்றார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அவற்றில் பதினெட்டுக் கூறு அகலமும் முப்பது கூறு நீளமுமே அந்த இரட்டையின் முழு சரீரம். அதன் ஓடு ஒரே வகைப் புரதத்தின் 110 பிரதிகளால் கட்டப்பட்டது. உள்ளே இருக்கும் மூலதனமோ டி.என்.ஏ. என்னும் இழையாலான ஒரு வளையம். உளுந்து வைரஸுக்கு அத்தகைய வளையங்கள் இரண்டு உண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். உளுந்துச் செடி தன்னுடைய ஜீவ சாசனத்தை ஏறத்தாழ 50 கோடி எழுத்துகளில் எழுதி வைத்திருக்கிறது என்பதை நினைத்தால், இந்த ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்துகளை வைத்துக்கொண்டு அந்தப் பெரிய குடும்பத்தைக் கவிழ்க்க வந்திருப்பவனுடைய துணிச்சல் நமக்கு வியப்பையே தரும்.

இவ்வளவு சொற்ப எழுத்துகளில் எல்லா வேலைக்கும் ஆளைத் தயாரித்துக்கொள்ள முடியாதல்லவா? தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும் கருவி ஒன்று வேண்டும். அது இந்த வைரஸிடம் இல்லை. செடியிடம் இருக்கிறது, ஆனால் செடி அதனைத் தன்னுடைய ஒவ்வோர் உயிரணுவிலும் மிகவும் உள்ளே, உட்கரு என்னும் அறையில், தன் சாசனத்தோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறது. ஆகையால் இலைக்குள் நுழைந்ததனால் மட்டும் வைரஸுக்குப் பிரயோசனமில்லை. உயிரணுவுக்குள் நுழைந்தாலும் போதாது. அந்த உள்ளறைக்குள் கால் வைத்தாக வேண்டும். வெள்ளை ஈ தன் ஊசிவாயைச் செருகுகிற உணவுக் குழாய்களின் முதிர்ந்த அணுக்களிலோ உட்கருவே கிடையாது. ஆகவே வந்தவன் அங்கேயும் நில்லாமல், பக்கத்தில் துணையாக நிற்கும் அணுக்களுக்குத் தாவி, அவற்றின் உட்கருவைத் தேடிப் போகவேண்டியதாகிறது.

உட்கருவுக்கு ஒரு பெயர் வைத்தவர் ராபர்ட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து தாவர சாஸ்திரி. ஆர்க்கிட் செடியின் இலைத்தோலில் ஒவ்வோர் அணுவிலும் ஒரு வட்டப்புள்ளி இருப்பதை அவர் 1831-இல் எடுத்துச் சொன்னார். அந்தப் புள்ளியைச் சுற்றி இரட்டைச் சவ்வாலான மதில் ஒன்று இருக்கிறதென்பதும், அந்த மதில் அடைத்த மதிலன்று, அதில் ஆயிரக்கணக்கான துவாரங்கள் இருக்கின்றன என்பதும், அவருக்கு ஏறத்தாழ 120 வருஷங்களுக்குப் பின், 1950-இல், தவளையினத்துப் பிராணிகளின் முட்டையை மின்னணு நுண்பெருக்கியில் வைத்து ஆராய்ந்த காலன், டாம்லின் என்னும் இருவரால் தெரியவந்தது. மனித உயிரணு ஒன்றின் உட்கருவில் இரண்டாயிரம் மூவாயிரம் துவாரங்கள் இருக்கும். ஒவ்வொரு துவாரமும் ஏறக்குறைய முப்பது வகைப் புரதங்கள் எட்டெட்டாக அடுக்கி அமைந்த ஒரு வளையம். மேலிருந்து பார்த்தால் மார்கழி வாசலில் போடும் எட்டிதழ்த் தாமரைக் கோலத்தையே ஒக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர் மனத்தில் நன்றாக ஊன்றிக்கொள்ள வேண்டும். உட்கருவில் சாசனம் இருக்கிறதே தவிர, புரதம் செய்யும் பட்டறை இல்லை. சாசனத்தைப் பார்த்து எழுதிய நகல் வெளியே போகிறது. வெளியிலுள்ள பட்டறையில் புரதம் உருவாகிறது. அந்தப் புரதத்தில், உட்கருவிலே வேலை செய்யவேண்டியது எதுவோ அது திரும்ப உள்ளே கொண்டுவரப்படுகிறது. டி.என்.ஏ.வைச் சுருட்டி வைக்கும் புரதம், பிரதி எடுக்கும் புரதம், எந்தப் பகுதியை எப்போது வாசிக்கலாம் என்று தீர்மானிக்கும் புரதம் ஆகிய அத்தனையும் வெளியூரில் பிறந்து உள்ளூருக்குப் பிழைக்க வந்தவையே. ஆகவே அந்த வாசல்களில் இரவு பகல் என்ற பேதமின்றிப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது. ஒரு துவாரத்தின் வழியே ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ ஆயிரம் மூலக்கூறுகள் போய்வருகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மூர்ப் பங்குனித் தேரோட்டக் கூட்டத்தை இதற்கு உவமை சொல்லலாமென்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் உள்ளே போகிறார், யார் வெளியே வருகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. இங்கேயோ தவறான ஆள் ஒருவன் உள்ளே போவது அபூர்வம்.

அப்படியானால் வாசலில் காவல் யார்? கதவும் தாழ்ப்பாளும் வைத்த வாசலாக இருக்குமென்றுதான் நாம் எண்ணுவோம். உண்மை வேறுவிதமாக இருக்கிறது. துவாரத்தின் நடுவிலே கதவு எதுவும் கிடையாது. சுற்றியுள்ள சுவரிலிருந்து நீண்டு வளர்ந்த புரத இழைகள், உருவம் ஒன்றுமின்றி, அரவை ஆலையில் கொட்டை நீக்கிய பருத்திப் பஞ்சைப்போலப் பொசுபொசுவென்று அந்த வழியை நிரப்பிக் கிடக்கின்றன. சின்னஞ்சிறு மூலக்கூறுகள் இந்தப் பஞ்சினூடே தாமாகவே கசிந்து போய்விடும். ஹைட்ரஜன் அணுவைப்போல ஏறத்தாழ 40,000 மடங்குக்கு மேல் எடையுள்ள புரதங்களுக்கு அந்த வசதி இல்லை. அவை பஞ்சில் முட்டிக்கொண்டு வெளியே நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தப் பஞ்சிழைகளோடு பசையான ஓர் உறவு கொண்ட சில சுமையாட்கள் இருக்கிறார்கள். இழைக்கு இழை ஒட்டி, ஒட்டிய கணமே விட்டு, அடுத்த இழையைப் பற்றி, அவர்கள் அந்தத் திரளை நீந்திக் கடந்துவிடுவார்கள். பெரிய புரதம் எதுவாயினும் அவர்கள் தோளில் ஏறித்தான் போகவேண்டும்.

சரி, அந்தச் சுமையாள் எதைப் பார்த்து, இது உள்ளே போகவேண்டிய மூட்டை, இது போகவேண்டாத மூட்டை என்று தெரிந்துகொள்கிறான்? இந்தக் கேள்விக்கு விடை கண்ட கதை ரசமானது, நிதானமாகவே சொல்லவேண்டும்.

1982-இல் கேம்பிரிட்ஜில் காலின் டிங்வால், ரான் லாஸ்கி முதலியோர், ஆப்பிரிக்கத் தவளையின் பெரிய முட்டையணுவை எடுத்துக்கொண்டு, அதன் உட்கருவில் மிகுதியாகக் காணப்படும் ஒரு புரதத்தை அணுவின் வெளிப்பகுதியில் ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். அந்தப் புரதம் ஐந்து உறுப்புகள் ஒன்றுகூடியது; ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வால் உண்டு. முழுப் புரதத்தைச் செலுத்தினால் அது உள்ளே போய்ச் சேர்ந்தது. ஐந்து வால்களையும் நறுக்கிவிட்டுச் செலுத்தினால் வெளியிலேயே கிடந்தது. நறுக்கிய வாலை மட்டும் செலுத்தினால் வால் உள்ளே போயிற்று. ஒரே ஒரு வாலை மட்டும் விட்டுவைத்தபோது, அந்த ஒற்றை வாலைக் கொண்டே உடம்பு முழுவதும் உள்ளே போய்விட்டது! அனுமதி உடம்பில் இல்லை, வாலில் எழுதியிருக்கிறது என்பது அதனால் ஐயமற நிரூபணமாயிற்று.

வாலில் என்னதான் எழுதியிருக்கிறது? அதை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டியது ஒரு குரங்கு வைரஸ். எஸ்.வி. 40 என்னும் அந்த வைரஸின் புரதம் ஒன்று, தான் புகுந்த அணுவின் உட்கருவிலே போய்க் குவியும் வழக்கமுடையது. 1984-இல் லண்டனில் டேனியல் கால்டரான், ஆலன் ஸ்மித் முதலியோர் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக்கிச் சோதித்து, உள்ளே போகும் உரிமை முழுவதும், புரதத்துக்கு எழுத்துகளாக அமைந்த அமினோ அமிலங்களில் ஏழே ஏழில் அடங்கியிருப்பதைக் கண்டார்கள். ஒரு புரோலின், மூன்று லைசின், ஓர் ஆர்ஜினின், மறுபடி ஒரு லைசின், கடைசியில் ஒரு வாலின்: அவ்வளவுதான். ஏழில் ஐந்து, காரத்தன்மையும் நேர்மின்னேற்றமும் உடையவை. மூன்றாவது எழுத்தாகிய லைசினை மாத்திரம் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால், அந்தப் புரதம் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. இதற்கு மாறாக, உட்கருவின் பக்கம் எட்டியும் பாராத பெரிய புரதம் ஒன்றோடு அந்த ஏழெழுத்தைத் தைத்துவிட்டால், அது தன் பிறவிக் குணத்தையெல்லாம் விட்டு நேரே உட்கருவுக்குள் போய் அமர்ந்துகொள்கிறது.

நம் கோவில்பட்டியிலிருந்து லாரி லாரியாகப் போகும் தீப்பெட்டிப் பண்டல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. லாரியில் ஏற்றுகிறவர் எந்தப் பெட்டியையும் பிரித்துக் குச்சியை உரசிப் பார்ப்பதில்லை. மேலே ஒட்டிய லேபிளைப் பார்க்கிறார், எந்த ஊர்ப் பண்டலோ அந்த ஊர் லாரியில் ஏற்றுகிறார். உள்ளே இருப்பது என்ன என்பது அவருடைய விசாரணையில் அடங்கியதன்று. அணுவின் சுமையாளும் அப்படியேதான். மூட்டை பெரிதா சிறிதா, நல்லதா கெட்டதா என்பதை அவன் கேட்பதில்லை. காரத்தன்மையுள்ள நாலைந்து எழுத்துகள் நெருங்கி நிற்கும் அந்த லேபிள் இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்க்கிறான். சில புரதங்களில் லேபிள் ஒரே துண்டாக இருக்கும். தவளைப் புரதத்தின் வாலில் இருப்பதோ இடையே சிறிது இடைவெளி விட்ட இரண்டு துண்டுகளாலானது என்பது 1991-இல் தெரிந்தது.

புரதங்கள் தாம் போய்ச் சேரவேண்டிய விலாசத்தைத் தம் உடம்பிலேயே சுமந்து திரிகின்றன என்னும் பொதுத் தத்துவத்தை 1970-களில் நிறுவியவர் கிந்தர் புளோபெல் என்னும் ஜெர்மானியர். அவர் ஆராய்ந்து சொன்னது முக்கியமாக அணுவிலிருந்து வெளியேற்றப்படும் புரதங்களைப் பற்றியது. பின்னாளில் உட்கருவின் துவாரங்களிலும் தம் கவனத்தைச் செலுத்தினார். 1999-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிள்ளைப் பிராயத்தில் தாம் கண்டு மயங்கிய டிரெஸ்டன் நகரம் 1945-இல் குண்டு வீச்சில் அழிந்துபோனதை மறக்க முடியாமல், அந்தப் பரிசுப் பணத்தின் பெரும்பகுதியை அந்நகரின் தேவாலயத்தையும் யூதக் கோயிலையும் மீண்டும் கட்டுவதற்குக் கொடுத்துவிட்டார் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

சுமையாளின் பெயர் இம்போர்ட்டின். கேம்பிரிட்ஜில் லாஸ்கியின் கூடத்திலேயே பணிபுரிந்த டிர்க் கோர்லிஷ் 1994-இல் அவனைப் பிடித்துக் காட்டினார். உண்மையில் அவர்கள் இருவர்: ஆல்பா என்பவன் லேபிளைப் பற்றிக்கொள்கிறவன், பீட்டா என்பவன் ஆல்பாவைத் தூக்கிக்கொண்டு பஞ்சை நீந்துகிறவன். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணும் காதும் இல்லாத இந்தச் சுமையாளுக்கு, பஞ்சைக் கடந்து வந்து சேர்ந்த இடம் உள்ளேயா வெளியேயா என்பது எப்படித் தெரியும்? தெரியாவிட்டால் வந்த வழியே மூட்டையோடு திரும்பிவிடுவானே! இதற்கு இயற்கை செய்திருக்கும் யுக்தியை எண்ணுந்தோறும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை. ரான் என்று ஒரு சிறு புரதம் இருக்கிறது. (தவளை ஆராய்ச்சி செய்த ரான் லாஸ்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அது தன் கையில் பாஸ்பேட் மணிகள் கோத்த ஒரு சிறு மாலையை வைத்திருக்கும். உட்கருவுக்குள் அந்த மாலையில் மூன்று மணிகள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளும் உத்தியோகஸ்தன் ஒருவன் டி.என்.ஏ.வின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். வெளியே வந்தால் ஒரு மணியைக் கழற்றிவிடும் உத்தியோகஸ்தன் மதிலுக்கு அப்பால் நிற்கிறான். ஆகவே மூன்று மணி ரானைச் சந்தித்தால் அது உட்புறம். இரண்டு மணி ரான் என்றால் வெளிப்புறம். மூன்று மணி ரான் வந்து தொட்டவுடன் பீட்டாவின் பிடி தளர்கிறது, மூட்டை இறங்கிவிடுகிறது. சுமையாட்கள் ரானோடு கைகோத்துக்கொண்டு வெறுங்கையராக வெளியே திரும்புகிறார்கள். வெளியே அந்த ஒரு மணி கழன்றதும் ரான் அவர்களை விட்டுப் பிரிகிறது. அவர்கள் அடுத்த மூட்டையைத் தேடிப் போகிறார்கள். அப்படிக் கழன்றுபோகும் மணிதான் கூலி.

இன்னொரு நுணுக்கம். அணுவிலிருந்து வெளியேற்றப்படும் புரதங்களின் விலாசச் சீட்டு, வாசலைத் தாண்டியதும் பெரும்பாலும் கிழித்தெறியப்படுகிறது. உட்கருவின் லேபிளை மட்டும் யாரும் கிழிப்பதில்லை. அணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம், செடியிலும் சரி நம் உடம்பிலும் சரி, உட்கருவின் மதிலே கலைந்துபோய், உள்ளிருந்தவர்களும் வெளியிலிருந்தவர்களும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். பிறகு புதிய மதில் எழும்பும்போது உள்ளே இருக்கவேண்டியவர்கள் மறுபடியும் சீட்டைக் காட்டி நுழைந்தாக வேண்டும். சீட்டைக் கிழித்திருந்தால் அவர்களுடைய கதி என்னவாகும்?

இனி உளுந்துக்கு வருவோம். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலுத்தம்பியும் அவருடைய மாணவர்களும் வயலில் நோயுற்ற உளுந்துச் செடியிலிருந்து இந்த வைரஸின் வளையங்களைப் பிரித்தெடுத்துப் பல வருஷங்கள் ஆராய்ந்தார்கள். ஏ என்னும் வளையத்தில் ஒரே ஒரு வகைதான் அவர்களுக்குக் கிடைத்தது. பி என்னும் வளையத்திலோ ஐந்து வகைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஏ வளையத்தோடு கூடினால் உளுந்திலே மஞ்சள் உக்கிரமாகிறது. இன்னொன்று கூடினால் பாசிப்பயற்றிலே உக்கிரமாகிறது. 2004-இல் இந்த முடிவுகள் வெளியாயின. பக்கத்துப் புஞ்சையில் பயறு பச்சையாக நிற்க நம்முடைய உளுந்து மட்டும் மஞ்சளிக்கும் வருஷங்களைக் கண்ட சம்சாரிகளுக்கு இச்செய்தி சுவைக்கும்.

இவர்களோடு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து தாமஸ் ஹோனும் அவருடைய சகாக்களும் கூட்டுச் சேர்ந்து, 2005-இல், நம் வரப்புச் சம்சாரி கேட்ட கேள்வியையே வேறு பாஷையில் கேட்டார்கள் என்று சொல்லலாம். வைரஸின் ஓட்டுப் புரதம் செடியின் அணுவுக்குள் எங்கே போய் உட்காருகிறது? இதை அறிய அவர்கள், ஒருவகைக் கடற்சொறியிலிருந்து கிடைத்த பச்சையொளி வீசும் புரதத்தை அந்த ஓட்டுப் புரதத்தோடு சேர்த்துத் தைத்து, காட்டுப் புகையிலைச் செடியின் சுவர் நீக்கிய அணுக்களில் விட்டுப் பார்த்தார்கள். பச்சையொளி உட்கருவிலே குவிந்தது. ஓட்டுப் புரதம் தனியாக இருந்தால் எடை குறைந்ததாகையால் பஞ்சினூடே தானே கசிந்துவிடக்கூடும். பச்சையொளிப் புரதமாகிய விளக்கைத் தூக்கிக்கொண்ட பின் எடை வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆகவே அது தானாகக் கசிந்து போயிருக்க வழியில்லை, யாரோ தூக்கித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். எழுத்து எழுத்தாக மாற்றிச் சோதித்தபோது, புரதத்தின் தலைப்பக்கத்தில் இரண்டு லேபிள்கள் இருப்பது தெரிந்தது: மூன்றாவது இடத்திலிருந்து லைசின், ஆர்ஜினின் என்று இரண்டே எழுத்து, 41-ஆவது இடத்திலிருந்து ஒரு லைசினும் மூன்று ஆர்ஜினினுமாக நான்கெழுத்து. இந்தப் புரதம் செடியின் இம்போர்ட்டின் ஆல்பாவோடு ஒட்டிக்கொள்கிறது என்பதையும் குழாயிலே செய்த சோதனையில் கண்டார்கள். நெல்லைத் தாக்கும் துங்ரோ வைரஸின் ஓட்டுப் புரதத்திலும் இதைப்போன்ற லேபிள்கள் இருப்பதை அதே ஆராய்ச்சி காட்டியது.

சம்சாரியின் கேள்விக்குப் பதில் இதுதான். மஞ்சள் நோய் செடியின் உட்கருவிலே போய் உட்கார்ந்திருக்கிறது. எந்த மதிலையும் இடித்து அது உள்ளே போகவில்லை. செடியின் சொந்தச் சுமையாட்களே, செடியின் சொந்தக் கூலியைக் கொடுத்து, அதைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் அந்தரங்க அறையில் இறக்கியிருக்கிறார்கள். வைரஸ் காட்டிய சீட்டு கள்ளச்சீட்டு என்று சொல்வதற்குக்கூட வழியில்லை. செடியின் புரதங்கள் எந்த எழுத்துகளைக் காட்டுகின்றனவோ அதே எழுத்துகளைத்தான் அதுவும் காட்டுகிறது.

உள்ளே போனபின் அது சும்மா இருப்பதுமில்லை. ஏ.சி.2 என்னும் அதன் மற்றொரு புரதத்தையும் அதே வருஷத்தில் அதே குழுவினர் ஆராய்ந்து, இரண்டு துண்டாகப் பிளந்து அமைந்த ஒரு லேபிளை அதில் கண்டார்கள். அந்தப் புரதம் உட்கருவுக்குள் புகுந்து செடியின் ஜீன்களில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தட்டி எழுப்பிவிடுகிறது. வைரஸின் எழுத்துகளைத் தேடிப்பிடித்து அடக்கும் செடியின் தற்காப்பு முறையையும் தளர்த்திவிடுகிறது. லேபிளைச் சிதைத்துவிட்டால் அந்தத் தற்காப்பைத் தளர்த்தும் சக்தி அதற்கு இல்லாமல் போகிறது. இனி, பி வளையத்திலிருந்து பிறக்கும் புரதம் ஒன்றோ, பெருகிய டி.என்.ஏ.வைச் சுமந்து உட்கருவை விட்டு வெளியே வருவதற்கென்றே அமைந்தது. போகவும் வரவும் அதற்கு வழி தெரியும். வெண்டையில் நரம்பை மஞ்சளாக்குவதும் மரவள்ளி இலையைச் சுருளவைப்பதும் இதே குலத்து வைரஸ்கள்தாம்.

அப்படியானால் அந்த வாசலை அடைத்துவிட ஒரு மருந்து கண்டுபிடிக்கக்கூடாதா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த வாசலை அடைத்தால் முதலில் பட்டினி கிடந்து சாவது உட்கருதான்; வைரஸ் பயன்படுத்தும் வழி செடி தன் ஒவ்வொரு நாள் ஜீவனத்துக்கும் பயன்படுத்துகிற வழி. குடும்பத்தார் எல்லோரும் புழங்கும் வாசலுக்குத் திருடன் வருகிறான் என்று சுவர் வைத்து அடைத்துக்கொள்ள முடியுமா? உட்கருவுக்குள் புகுந்துவிட்ட வைரஸைத் தெளித்து விரட்டும் மருந்து கடையில் இல்லாததன் காரணங்களில் இதுவும் ஒன்று. மருந்து தெளித்தால் ஈ சாகும், மஞ்சளித்த செடி மீண்டும் பச்சையாகாது. ஆகவே அந்தச் சம்சாரி இரண்டாவது தடவை தெளித்த மருந்துக்குக் கொடுத்த காசு, நோயுற்ற செடிகளைப் பொறுத்தமட்டில், கரிசல் வெடிப்பில் ஊற்றிய தண்ணீர்தான்.

தடுக்கவேண்டிய இடம் அந்த வாசலுக்கு மிகவும் முன்னாலேயே இருக்கிறது. ஒன்று ஈ, மற்றொன்று விதை. புதுக்கோட்டைப் பக்கத்து வம்பனில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறுவகை ஆராய்ச்சி மையத்தார், மஞ்சள் தேமலைத் தாங்கி நிற்கும் உளுந்து ரகங்களை வரிசையாக வெளியிட்டிருக்கிறார்கள். வம்பன் 8 அவற்றுள் ஒன்று. நூறாண்டைக் கடந்த கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையமும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் மானாவாரி மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று அங்கே போய்க் கேட்டறிய ஒரு பஸ் டிக்கெட் போதும்.

ஆதலால் வருகிற புரட்டாசியில் விதை வாங்கப் போகிற சம்சாரிமார், உளுந்து வேண்டும் என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல், மஞ்சள் தேமலைத் தாங்கும் ரகம் எது என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் சோளமோ மக்காச்சோளமோ நாலு சால் நெருக்கமாக விதையுங்கள்; மஞ்சள் ஒட்டுப்பொறிகளை வாங்கிப் புஞ்சையில் நட்டு வையுங்கள், ஈ வந்துவிட்டதா என்பதை அவை முதலில் சொல்லும். செடி முளைத்த மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் காலையில் வரப்பைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். முதல் மஞ்சள் பொட்டு எந்தச் செடியில் கண்ணுக்குப் பட்டதோ, ஒரு செடிதானே என்று இரக்கப்படாமல், அன்றைக்கே அதை வேரோடு பிடுங்கிப் புஞ்சைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள்.